புதிதாகக் கட்டிய 40 மீட்டர் டைபோலில் கோளாறா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மொட்டை மாடியின் நடுவே ஒரு ஜிஐ குழாய், அதன் உச்சியிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் இரண்டு கம்பிகள், நடுவிலிருந்து வீட்டுக்குள் வரும் ஆர்ஜி-58 கேபிள். அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் நம் ஊர் வீடுகளில் பலரும் கட்டுவது இந்த இன்வெர்ட்டட் வி டைபோலைத்தான். கீழே உள்ள சோதனைகள் இந்தியாவில் நமக்குள்ள 7.000 முதல் 7.200 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான 40 மீட்டர் அலைநீளப் பேண்டுக்கானவை. மற்ற பேண்டுகளுக்கு நீளம் மாறும், சோதிக்கும் வரிசை மாறாது.

முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவில் ஏறாமல் திரும்புகிறது என்பதைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) கூடினால் உடனே கட்டிங் பிளையரோடு மாடிக்கு ஓடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் கனெக்டரிலும், ஈயம் வைத்த இணைப்பிலும், தண்ணீர் புகுந்த கேபிளிலும்தான் இருக்கும். கம்பியின் நீளம் அதற்கெல்லாம் பிறகு. வெட்டிய கம்பியை மறுபடி ஒட்டினால் அந்த ஒட்டே அடுத்த மழையில் புதுக் கோளாறாகும்.

## சோதனைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், நன்றாக இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு மீட்டர் நீளப் பேட்ச் கேபிள், ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் 50 ஓம் டம்மி லோடு. நானோ விஎன்ஏ (ஆண்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சிறு கருவி) இருந்தால் வேலை பாதியாகும், இல்லாவிட்டாலும் முடியும்.

டம்மி லோடை வீட்டிலேயே செய்யலாம். 1 கிலோ ஓம், 2 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 20 வாங்கி, இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே எல்லாவற்றையும் பக்க இணைப்பில் ஈயம் வைத்தால் சரியாக 50 ஓம் வரும், 40 வாட் தாங்கும். வயர் சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம். அது சுருள்போல நடந்துகொண்டு பொய்யான அளவைக் காட்டும்.

எல்லாச் சோதனையும் 5 முதல் 10 வாட்டுக்குள், யாரும் பேசாத அலைவரிசையில், உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, சில நொடிகள் மட்டும். ரிக்கின் (ரேடியோ கருவியின்) ஆட்டோ டியூனரை அணைத்துவிடுங்கள். டியூனர் ஓடும்போது பார்க்கும் எஸ்.டபிள்யூ.ஆர். டியூனரின் சாமர்த்தியத்தைத்தான் காட்டும். ஆண்டெனாவின் நிலை தெரியாது. மாடியில் குழந்தைகள், துணி காயப்போடுபவர்கள் யாரும் கம்பி முனைக்கு அருகில் இருக்கக் கூடாது. டைபோலின் முனைகளில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும், குறைந்த வாட்டிலும் தோலைச் சுடும்.

ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை அளவு: 143-ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1-க்கு 20.14 மீட்டர், ஒரு கைக்கு, அதாவது ஒரு பக்கக் கம்பிக்கு, 10.07. இது உறையில்லாத கம்பியை நேராகக் கட்டும் கணக்கு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. பிவிசி உறைக் கம்பியை ‘வி’யாகக் கட்டினால் பெரும்பாலும் ஒரு கை 9.6 முதல் 9.9 மீட்டரில் வந்து நிற்கும். ஆகவே தொடக்கத்தில் 10.5 மீட்டர் வெட்டுங்கள். மிச்சத்தை முனை இன்சுலேட்டர் வழியாக மடித்து, அதே கம்பியோடு ஒட்டினாற்போல் முறுக்கி வையுங்கள். மடித்த பகுதி கிட்டத்தட்ட வெட்டியதற்குச் சமம். வேண்டுமென்றால் திரும்ப நீட்டிக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: பேண்டு முழுவதும் எஸ்.டபிள்யூ.ஆர். 5-க்கு மேல், எங்கும் இறங்கவில்லை

நீளப் பிழையால் இப்படி ஆகாது. நீளம் தவறியிருந்தால் எங்கேயாவது ஒரு பள்ளம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கும் அலைவரிசை, தெரியும். எங்குமே பள்ளம் இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது குறுக்குத் தொடர்பு உண்டாகியிருக்கிறது.

மாடி ஏறாமல், மேசையிலிருந்து தொடங்குங்கள். ரிக், பேட்ச் கேபிள், மீட்டர், டம்மி லோடு என்று வரிசையாக இணைத்துப் பாருங்கள். மீட்டர் 1.1-க்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மீட்டரின் இரு துளைகளும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ரிக் பக்கமும் ஆண்டெனா பக்கமும் மாறினால் போகும் சக்தியைத் திரும்பும் சக்தியாகக் காட்டும். அடுத்து பேட்ச் கேபிளை மாற்றிப் பாருங்கள். இவ்விரண்டிலும் முடிந்துவிடும் கேஸ்கள் ஏராளம்.

மேசைப் பக்கம் சரியென்றால் டம்மி லோடை மாடிக்கு எடுத்துப்போய், ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, பிரதான கேபிளின் மேல் முனையில் மாட்டுங்கள். இந்த ஒரு சோதனை பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடும்.

### டம்மி லோடு மாட்டியும் எஸ்.டபிள்யூ.ஆர். அதிகம்: கேபிளில் கோளாறு

கேபிளின் இரு முனைகளையும் கழற்றுங்கள். நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் திறந்த நிலையை (தொடர்பே இல்லை என்று) காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் கேபிள் முனையிலுள்ள பிஎல்-259 கனெக்டருக்குள் பிரெய்டின் (வெளிவலைக் கம்பியின்) ஒற்றை மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது ஈயம் வைக்கும்போது சூடு அதிகமாகி உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் இளகி நடுக்கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 25 வாட் சால்டரிங் இரும்பு இந்த வேலைக்கு ஆகாது. அதன் சூடு கனெக்டரின் உடலுக்கே போதாமல் நீண்ட நேரம் வைக்க வேண்டிவரும், அதற்குள் பிளாஸ்டிக் உருகிவிடும். 60 வாட்டுக்கு மேற்பட்ட, கனமான முனையுள்ள இரும்பை எடுங்கள். சட்டென்று சூடேற்றி சட்டென்று முடியுங்கள்.

திறந்த நிலை சரியாக இருந்தால், மேல் முனையில் நடு ஊசியையும் உடலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, கீழ் முனையில் ஓம் பாருங்கள். 20 மீட்டர் ஆர்ஜி-58-க்கு ஏறத்தாழ 1 ஓம் வர வேண்டும், மீட்டர் வயரின் ஓமைக் கழித்து. 3, 4 ஓம் என்றோ, கேபிளை அசைத்தால் ஆடும் எண்ணாகவோ வந்தால் கனெக்டரில் ஈயம் பிடிக்கவில்லை. கனெக்டரை வெட்டியெறிந்து புதிது போடுங்கள். பழையதன் மேல் மறுபடி ஈயம் ஊற்றுவது வீண்வேலை.

ஒரு பொறி: கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன ஆர்ஜி-6 கேபிளைப் பயன்படுத்தியிருந்தால் அதன் பிரெய்டு அலுமினியம், ஈயம் ஒட்டவே ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரிவது வெறும் பூச்சு. அதற்கு நசுக்கி இறுக்கும் எஃப் கனெக்டரும் மாற்று அடாப்டரும்தான் வழி. அது 75 ஓம் கேபிள் என்பதால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-ஐ ஒட்டியே நிற்கலாம். அதைக் கோளாறென்று துரத்த வேண்டாம். எஃகின் மேல் செம்பு பூசிய நடுக்கம்பி என்பதால் ஓம் அளவும் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

### டம்மி லோடு மாட்டினால் சரி: ஆண்டெனாவில் கோளாறு

நடு இணைப்பைப் பாருங்கள். கேபிளின் எடை முழுவதையும் ஈயம் வைத்த இணைப்பே தாங்கிக்கொண்டிருந்தால் அது உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. ஒவ்வொரு கையின் கடைக்கோடியிலிருந்து நடுப் பெட்டி வரை ஓம் பாருங்கள். அறுந்த கை உடனே தெரியும்.

இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. நடுவில் 1:1 சோக் பேலன் (கேபிளையும் இரு கைகளையும் சேர்க்கும் சுருள்) இருந்தால், அல்லது பேலனே இல்லையென்றால், நடு ஊசிக்கும் உடலுக்கும் இடையே திறந்த நிலை வர வேண்டும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வகை 1:1 பேலனோ 4:1 பேலனோ இருந்தால் டிசி ஓமில் ‘ஷார்ட்’ என்றுதான் காட்டும். அது அதன் இயல்பு. ஜே-போல், ஸ்லிம் ஜிம், மடிப்பு டைபோல் எல்லாவற்றிலும் இப்படித்தான். மல்டிமீட்டர் பீப் அடித்தது என்பதற்காக நல்ல பேலனைப் பிரித்துப்போடாதீர்கள். இன்னொன்று: சாதாரண டைபோலில் 4:1 பேலன் மாட்டியிருந்தால் அதுவே கோளாறு. ஏற்கெனவே 50 ஓமை ஒட்டியிருப்பதை அது 12 ஓமாக இறக்கிவிடும்.

## அறிகுறி 2: பள்ளம் இருக்கிறது, ஆனால் பேண்டுக்கு வெளியே

இப்போதுதான் நீளத்தைப் பற்றிப் பேசலாம். எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவாக உள்ள இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள அலைவரிசைக்கு வெளியே ரிக்கால் அனுப்பிப் பார்க்கக் கூடாது. அதற்கு நானோ விஎன்ஏ வேண்டும். அது இல்லாவிட்டால் 7.000, 7.100, 7.200 மூன்றிலும் அளந்தாலே எந்தப் பக்கம் இறங்குகிறதென்று தெரிந்துவிடும். 7.000 பக்கம் குறைந்துகொண்டே போனால் கம்பி நீளம், 7.200 பக்கம் குறைந்தால் கம்பி குட்டை.

கணக்கு எளிது. புதிய நீளம் = இப்போதைய நீளம் × இப்போது பள்ளம் உள்ள அலைவரிசை ÷ வேண்டிய அலைவரிசை. ஒரு கை 10.20 மீட்டர், பள்ளம் 6.900-இல் என்றால் 10.20 × 6.9 ÷ 7.1 = 9.91. ஒவ்வொரு கையிலும் 29 செ.மீ. மடிக்க வேண்டும். விஎன்ஏ இல்லாதவர்களுக்குக் கைக்கணக்கு: இரு கைகளிலும் 10 செ.மீ. குறைத்தால் பள்ளம் சுமார் 70 கிலோ ஹெர்ட்ஸ் மேலே ஏறும். கணக்கில் வந்ததை ஒரே மூச்சில் மடிக்காமல் முக்கால் பங்கு மடித்து, உயர்த்திக் கட்டி, மறுபடி அளந்து, பிறகு மிச்சத்தை மடியுங்கள். கையெட்டும் உயரத்தில் வைத்து அளந்த அளவு, உயரே ஏற்றியபின் செல்லாது.

இரு கைகளையும் சமமாகவே மாற்றுங்கள். வசதியாக எட்டுகிற முனையை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் பள்ளம் வேண்டிய இடத்துக்கு வந்துவிடும், ஆனால் கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஏறி அறிகுறி 5-இல் கொண்டுபோய் விடும்.

### பள்ளம் சரியான இடத்தில், ஆனால் 1.8-க்குக் கீழே இறங்கவில்லை

பெரும்பாலும் உச்சிக் கோணம் குறுகிவிட்டது. இரு கைகளுக்கும் இடையே 90 பாகைக்குக் குறையாமல், முடிந்தால் 120 பாகை இருக்கட்டும். மாடி சின்னது என்றால் முனைகளை மேலும் கீழே இழுக்காமல் பக்கவாட்டில் திருப்பிக் கட்டுங்கள். முனைகள் தரையிலிருந்து இரண்டரை மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மாடியின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு பள்ளம் கீழே நகரும்.

அடுத்த சந்தேகம் கொடிக்கம்பி. துணி காயப்போடும் ஜிஐ கம்பி ஆண்டெனாவுக்கு இணையாக, சில மீட்டருக்குள் ஓடினால் அதுவும் இன்னொரு ஆண்டெனாபோல் நடந்துகொள்ளும். ஒரு பள்ளத்துக்குப் பதில் இரண்டு பள்ளம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கொடியை நைலான் கயிறாக மாற்றுவது எந்த பேலன் வாங்குவதையும்விட மலிவு.

முக்கியமான எச்சரிக்கை: கேபிளின் நீளத்தை வெட்டிக் குறைத்து எஸ்.டபிள்யூ.ஆர். சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீளம் மாறும்போது எஸ்.டபிள்யூ.ஆர். மாறுகிறது என்றால் கேபிளே ஆண்டெனாவின் பகுதியாகிவிட்டது என்று பொருள். அதற்கு மருந்து சோக், அதாவது கேபிளின் வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள் (அறிகுறி 5 பார்க்க).

## அறிகுறி 3: காற்றடித்தால் முள் ஆடுகிறது

பேசிக்கொண்டிருக்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-க்கும் 4-க்கும் இடையே தாவுகிறது, கேட்கும் ஒலி ‘டக்’கென்று குறைந்து மீள்கிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கிறது. ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் ஒவ்வோர் இடமாகக் கேபிளை மெதுவாக அசைக்கட்டும், அனுப்பாமல், நானோ விஎன்ஏவையோ ஓம் மீட்டரையோ வைத்து. பிஎல்-259-இன் வெளி வளையம் தளர்ந்திருப்பது முதல் காரணம். கையால் முடிந்தமட்டும் இறுக்கி, பிளையரால் லேசாக ஒரு திருப்பு போதும். அடுத்தது நடுப் பெட்டியில் போல்ட்டும் வளையமும் சேரும் இடம். பித்தளைப் போல்ட், இருபுறமும் வாஷர், நட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு நட் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் சில மாதங்களில் கறுத்துப்போகும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம்.

கேபிளின் எடையைக் கம்பத்தோடு கட்டித் தாங்குங்கள், நடு இணைப்பிலிருந்து ஒரு சாண் தொய்வு விட்டு. கைகளை வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டாதீர்கள். காற்றில் கம்பம் ஆடும்போது கம்பிதான் அறும். மலிவான நைலான் கயிறு வெயிலில் பொடியாகிவிடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

## அறிகுறி 4: மழை பெய்தால் கெடுகிறது

இதில் இரண்டு வகை. மழையின்போது பள்ளம் சில பத்துக் கிலோ ஹெர்ட்ஸ் கீழே நகர்ந்து, காய்ந்ததும் திரும்பிவிட்டால் அது இயல்பு. உறைக் கம்பியின் மேல் நீர் படர்ந்ததன் விளைவு. ஒன்றும் செய்ய வேண்டாம்.

வெயில் வந்து இரண்டு நாளாகியும் திரும்பாவிட்டால் கேபிளுக்குள் நீர் இறங்கிவிட்டது. பிரெய்டு வலை திரிபோல நீரை உறிஞ்சி மீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். மேல் முனையில் ஓர் அங்குலம் உறையைக் கிழித்துப் பாருங்கள். பிரெய்டு பளபளப்பில்லாமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு மீட்டர் வெட்டியும் கறுப்புதான் என்றால் கேபிளையே மாற்றுங்கள்.

நானோ விஎன்ஏ உள்ளவர்கள் வெட்டாமலே அறியலாம். மேல் முனையைத் திறந்தபடி விட்டு, கீழ் முனையில் ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது) பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் ஒருவழி இழப்பு. நல்ல ஆர்ஜி-58, 20 மீட்டர், 7 மெகா ஹெர்ட்ஸில் ஒருவழி இழப்பு முக்கால் டெசிபல் அளவில் இருக்கும். அதாவது ரிட்டர்ன் லாஸ் 1.5 டெசிபல். அது 3-ஐத் தாண்டினால் கேபிள் கெட்டுவிட்டது. விஎன்ஏவை மாட்டுமுன் கேபிளின் நடு ஊசியை ஒருமுறை உடலோடு தொட்டு நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். அந்தச் சின்னக் கருவி அதைத் தாங்காது.

மறுபடி நீர் புகாமலிருக்க: முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து நீட்டிச் சுற்றுங்கள், அதன்மேல் பிவிசி டேப். சுற்றுவது கீழிருந்து மேலாக. அப்போதுதான் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் ஓட்டுக்கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்து நீரை வெளியே வழியவிடும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் நீரை ஏந்தும். சிலிக்கோன் பூசுவதென்றால் புளித்த காடி வாடை அடிக்கும் வகை வேண்டாம். அந்த அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் சன்னலுக்குள் நுழையுமிடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

## அறிகுறி 5: மைக்கைத் தொட்டால் சுருக்கென்கிறது, கணினி நின்றுபோகிறது, ஸ்பீக்கரில் குரல் கேட்கிறது

முதலில் இதைப் பிரித்தறியுங்கள்: பிடிடியை (பேச அழுத்தும் பொத்தானை) அழுத்தாதபோதும் சுருக்கென்கிறதா?

### அழுத்தாதபோதும் சுருக்கென்கிறது

இது ரேடியோ அலையல்ல, வீட்டு மின்சாரம். உடனே நிறுத்துங்கள், கேபிளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைக்கு எர்த் கிடைக்காவிட்டால் அதன் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே உலோக உடலில் 230 வோல்ட்டின் பாதி, சுமார் 115 வோல்ட், குறைந்த மின்னோட்டத்தில் மிதக்கும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது எலக்ட்ரீஷியன் வேலை. பழைய வீடுகளில் துளை இருக்கும், கம்பி இருக்காது. உடலில் முழு 230 வோல்ட் காட்டினால் பவர் சப்ளைக்குள்ளேயே பழுது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

### அழுத்தினால் மட்டும் சுருக்கென்கிறது

கேபிளின் வெளிப்புறத்தில் ஆர்எஃப் (ரேடியோ அலை) மின்னோட்டம் வீட்டுக்குள் வருகிறது. உறுதிசெய்ய, ரிக்குக்கும் கேபிளுக்கும் நடுவே இரண்டு மீட்டர் கூடுதல் கேபிள் சேர்த்து எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். கண்ணில் படும்படி மாறினால் நோய் இதுதான்.

செலவில்லாத மருந்து முதலில்: கேபிள் ஆண்டெனாவின் ஒரு கைக்கு அடியிலேயே இணையாக ஓடாமல், நடுவிலிருந்து செங்குத்தாக இறங்கட்டும். அடுத்து, நடு இணைப்புக்கு நேர் கீழே, 110 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டின் மேல் சுமார் 6 மீட்டர் கேபிளை ஒற்றை அடுக்காக, சுற்றுக்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் 15, 16 சுற்று சுற்றிக் கட்டுங்கள். கயிற்றுக் கட்டுபோல அள்ளிச் சுருட்டினால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் அருகருகே வந்து பலன் குறையும். இதைவிட உறுதியானது 31-ஆம் வகை ஃபெரைட் வளையத்தில், வெளிவிட்டம் 2.4 அங்குலம், 10 முதல் 12 சுற்று ஆர்ஜி-58. 43-ஆம் வகையும் ஓரளவு வேலை செய்யும். சென்னை ரிச்சி தெருவில் எடுப்பதென்றால் வகை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்த மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத் தூள் வகை, இதற்கு உதவாது.

கணினி மட்டும் தடுமாறினால் யுஎஸ்பி வயரை ஃபெரைட்டில் ஐந்தாறு சுற்று சுற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் குரல் கேட்கிறது என்று புகார் வந்தால் அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய், 5 வாட்டிலும் முழு வாட்டிலும் சோதித்து, அவர்களின் ஸ்பீக்கர் வயரில் ஃபெரைட் மாட்டிக் கொடுங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

## அறிகுறி 6: எஸ்.டபிள்யூ.ஆர். அருமை, யாரும் பதில் சொல்லவில்லை

40 மீட்டரில் குரல் எல்எஸ்பியில் (கீழ்ப் பக்கப்பட்டையில்). ரிக் யுஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டையில், கணினி யுஎஸ்பி அல்ல) இருந்தால் உங்கள் குரல் யாருக்கும் புரியாது. அடுத்து ரிக்கின் வாட் அமைப்பு, மைக் கெயின். பிறகு கேபிள்: கீழே 50 வாட் கொடுத்து, மேல் முனையில் மீட்டரும் டம்மி லோடும் வைத்துப் பார்த்தால், 20 மீட்டர் ஆர்ஜி-58-க்கு 42 வாட் அளவில் காட்ட வேண்டும். அதைவிட நிறையக் குறைந்தால் அறிகுறி 4-க்குப் போங்கள். ஈரமான கேபிள் சக்தியைத் தின்றுவிட்டு எஸ்.டபிள்யூ.ஆரை அழகாகக் காட்டும்.

இந்த ஏமாற்றம் 2 மீட்டர் பேண்டில் இன்னும் மோசம். 145 மெகா ஹெர்ட்ஸில் அதே 20 மீட்டர் ஆர்ஜி-58 பாதிக்கு மேல் சக்தியை விழுங்கிவிடும். மேலே ஆண்டெனாவே இல்லாமல் முனை திறந்தே கிடந்தாலும் கீழே மீட்டர் 2.5-ஐ ஒட்டித்தான் காட்டும்! அங்கே ஆர்ஜி-213 போன்ற தடித்த கேபிள் போடுவதே தீர்வு.

கேபிளும் நன்றாக இருக்கிறது, அருகிலுள்ள மாநிலங்கள் கேட்கின்றன, தொலைநாடுகள் மட்டும் கேட்கவில்லை என்றால் கோளாறே இல்லை. 10 மீட்டர் உயரத்தில் 40 மீட்டர் டைபோல் பெரும்பகுதியை வானை நோக்கித்தான் வீசும். நூற்றுக்கணக்கான கிலோ மீட்டருக்கு அது நல்லது, கடல் தாண்ட உயரம் வேண்டும்.

## அறிகுறி 7: ஓயாத இரைச்சல், ரிக்கின் சிக்னல் மீட்டரில் எஸ்-9

ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள்; இன்வெர்ட்டரையும் அணைக்க மறக்காதீர்கள், அதுவே பல வீடுகளில் குற்றவாளி. இரைச்சல் விழுந்தால் வீட்டுக்குள்தான். ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுக் கண்டுபிடியுங்கள். எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், பிஎல்டிசி ஃபேன், சிசிடிவி பவர் சப்ளை, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் அகப்படும். அடாப்டரின் வயரை ஃபெரைட்டில் பல சுற்று சுற்றுங்கள், அடங்காவிட்டால் அதை மாற்றுங்கள்.

மெயினை அணைத்தும் குறையாவிட்டால், சின்ன ஏஎம் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். ஒரு மின்கம்பத்துக்கு அருகில் இரைச்சல் உச்சமடைந்து, மழையில் குறைந்து, வெயிலில் கூடினால் அங்கே இன்சுலேட்டரிலோ தளர்ந்த இணைப்பிலோ பொறி பறக்கிறது. கம்ப எண்ணைக் குறித்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கம்பத்தைத் தட்டுவதோ ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பதோ உயிரோடு விளையாடுவது.

## அறிகுறி 8: குறைந்த வாட்டில் சரி, வாட்டைக் கூட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறுகிறது

சூடாகும் இடத்தைத் தேடுங்கள். அரை நிமிடம் அனுப்பிவிட்டு, ரிக்கை அணைத்தபின், கனெக்டர்களையும் பேலன் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பான கனெக்டரில் ஈயம் சரியில்லை. பேலன் சுட்டால் உள்ளே உள்ள ஃபெரைட் போதவில்லை. பெரிய வளையமோ இரண்டு வளையங்களை அடுக்கியோ சுற்ற வேண்டும். இருட்டியபின் யாரையாவது தள்ளி நின்று முனை இன்சுலேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் பொறி தெரிந்தால் அது அழுக்கோ உப்போ படிந்த இன்சுலேட்டர். ஒரு சாண் நீள பிவிசி குழாய்த் துண்டாக மாற்றுங்கள்.

## அறிகுறி 9: இடி மழைக்குப்பின் எதுவும் கேட்கவில்லை

அட்டெனுவேட்டர் தவறுதலாக அழுத்தப்பட்டதா, ஆர்எஃப் கெயின் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆண்டெனாத் துளையில் ஒரு மீட்டர் கம்பியைச் செருகிப் பாருங்கள். கம்பியில் ஏதாவது கேட்டு, ஆண்டெனாவில் கேட்காவிட்டால் கேபிள் வழியிலுள்ள மின்னல் தடுப்பானைச் சந்தேகியுங்கள். அதிலுள்ள வாயுக்குழல் அடிபட்டால் குறுக்குத் தொடர்பாகவே நின்றுவிடும், மல்டிமீட்டரில் உடனே தெரியும். குழலை மட்டும் மாற்றலாம். அடுத்தது பேலன்: திறந்து பாருங்கள், கருகல் வாடை வரும்.

கம்பியிலும் எதுவும் கேட்காவிட்டால் ரிக்கின் முன்பகுதி டையோடுகள் போயிருக்கலாம். அதைத் திறக்க அனுபவமும் கருவிகளும் வேண்டும், சர்வீஸுக்குக் கொடுங்கள். மின்னல் உண்மையிலேயே கம்பத்தில் இறங்கியிருந்தால் வீட்டு எர்த், வயரிங் எல்லாவற்றையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் அளந்து பார்க்கும்வரை எதையும் மறுபடி இணைக்காதீர்கள். கம்பம் சாய்ந்திருந்தால், எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்கிறதா என்று கீழே நின்று பாருங்கள். தொடும் தூரம் என்றால் கை வைக்காமல் மின்வாரியத்தைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் கோடை இடியின்போதும், பேசி முடித்ததும் கேபிளைக் கழற்றி, முனையைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள்.